இருபத்தேழு பூச்சுத் தார்

லுக்குட் என்கிற சின்ன ஊரின் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருடமாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பெயர் கனி. ஆணி, கம்பி, பைப்பு, பெயிண்ட், தார் எல்லாம் என்னிடம் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வாங்க வந்தோம் என்பதே தெரியாது. மீதிப் பாதிக்கு என்னைவிட அதிகம் தெரியும், வாயை மூடமாட்டார்கள். வீரமுத்து இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவன். வேண்டியதைச் சொல்வான், மோட்டார் சைக்கிளில் கட்டுவான், போய்விடுவான்.

வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தார் வாங்க வருவான். நான் அவனைப் பார்த்துத்தான் தீபாவளி நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். இன்றைக்கு அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் தார் டின்கள்தான் முதலில் கண்ணில் நிற்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீரமுத்து இங்கிருந்து ஐந்து மைல் உள்ளே இருக்கும் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போனான். மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டபோது தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் தகர வேலைக்குச் சேர்ந்தான். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால், அடைமழை தொடங்குவதற்குள், ஆபீசிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு பீப்பாய்த் தார் வரும். பழைய தகரக் கூரை, ஆணி ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒழுகும். வீரமுத்து அரை டிரம்மில் தாரைக் காய்ச்சி, துடைப்பத்தால் எல்லா வீட்டுக் கூரைக்கும் பூசுவான். புதுத்துணி எடுத்தாயா என்று கேட்பதற்கு முன்னால் தார் அடித்தாயிற்றா என்றுதான் லயத்தில் கேட்டுக்கொள்வார்கள். அவன் கூரையிலிருந்து இறங்கும் வீட்டில் அவனுக்கு முறுக்கு காத்திருக்கும்.

பிறகு தோட்டம் கைமாறியது. பழைய தொழிலாளர்களுக்கென்று தோட்டத்து ஓரத்தில் பதினான்கு வீடுகளை ஒரே வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். சுவர் கல், கூரை பளபளக்கும் புதுத் தகரம். அதன் கீழே மெல்லிய பலகைச் சீலிங். புதுக் கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் அந்த முதல் தீபாவளிக்கே வீரமுத்து என் கடைக்கு வந்து தார் வாங்கிக்கொண்டு போய், பதினான்கு வீட்டுக்கும் அடித்துவிட்டான். ஒழுகாத கூரைக்கு எதற்குத் தார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தீபாவளி வந்தால் தார் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. எனக்கு வியாபாரம்.

அப்படி இருபத்தேழு தீபாவளி. வெள்ளியாக இருந்த கூரை கன்னங்கரேலென்று ஆகி, வெயிலை உறிஞ்சி உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பியது. அந்த வரிசையில் மதியம் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊர் வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மரத்தடிக்கு வர முடியாதவள் ஒருத்தி மட்டும் வீட்டுக்குள் இருந்தாள். வீரமுத்துவின் மனைவி ரதி. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். லயத்தில் இருந்த பாதிப் பிள்ளைகள் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவை. நாலு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்துபோயிற்று. முன்னறையில் கட்டில். வீரமுத்து அவளைக் குளிப்பாட்டுவான், ஊட்டுவான், மதியம் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பான்.

இந்த வருடம் பிப்ரவரியில் மருந்து வாங்க ஒரு மணி நேரம் வெளியே போய்த் திரும்பியவன், ரதி கண் சொருகிக் கிடப்பதைப் பார்த்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, வேர்வையே இல்லை. பக்கத்து வீட்டு ராமசாமியின் காரில் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள். டாக்டர் வீரமுத்துவை உட்காரவைத்துச் சொன்னாராம், இந்த உடம்பு இனிச் சூட்டைத் தாங்காது, அடுத்த தடவை இப்படி நடந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று.

மகன் தர்மராஜ் மம்பா டவுனிலிருந்து ஓடி வந்தான். தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பார்க்கிற டெக்னீஷியன். நல்ல பிள்ளை, அதைச் சொல்லிவிட வேண்டும். போன வருடமே அம்மாவுக்கு ஏர்கோன் வாங்கி மாட்டியவன் அவன்தான். ஆனால் கறுப்புக் கூரைக்குக் கீழே அது நாளெல்லாம் ஓடியும் அறை குளிரவில்லை. கரண்டு பில் எகிறியதுதான் மிச்சம். நேராக அடிக்கிற காற்றில் ரதியின் விழுந்த கை விறைத்துப்போய், வலியில் அழுதாள். ஏர்கோனை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். இப்போது தர்மராஜ் அம்மாவைத் தன் ஆறாம் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். பகலில் அவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதாகச் சொன்னான். வீட்டில் இரண்டே அறை. அப்பாவும் வரலாம் என்றான், ஆனால் எங்கே படுப்பார் என்று அவனுக்கே தெரியவில்லை. ரதி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பது அதற்கு அர்த்தம்.

அவன் தொழிற்சாலையிலிருந்து அறைச் சூட்டைக் காட்டும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டுவந்து அம்மாவின் தலைமாட்டில் தொங்கவிட்டான். மதியம் மூன்று மணிக்கு முப்பத்தேழு புள்ளி எட்டு டிகிரி காட்டியது.

"அப்பா, நான் சண்டை போட வரல. மூணு மணிக்கு இது முப்பத்திரண்டுக்கு வந்துட்டா அம்மா இங்கயே இருக்கட்டும். சித்திரை லீவுக்கு வேன் எடுத்துட்டு வரேன். அப்பவும் எறங்கலன்னா கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க தடுக்கக்கூடாது."

மறுநாள் காலையில் வீரமுத்து என் கடைக்கு வந்தான். தீபாவளி இல்லாத மாதத்தில் அவனைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். விஷயத்தைச் சொன்னான். வீட்டைக் குளிர வைக்க என்ன வழி என்று கேட்டான். என்னிடம் போய்க் கேட்டான் பாருங்கள். நான் பொருள் விற்கிறவன், வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் பெயிண்ட் கம்பெனி ஆள் விட்டுப்போன தாள்களை எடுத்து இருவரும் படித்தோம். சூட்டைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, கூரைக்குக் கீழே விரிக்கும் அலுமினியத் தாள், சுவரில் காற்று போக வழி. எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான். கறுப்புக் கூரை வெயிலைக் குடித்து வீட்டுக்குள் விடும்.

அதைப் படித்ததும் அவன் தாளைக் கீழே வைத்துவிட்டான்.

"இருபத்தேழு வருசமா இவள நாந்தான் வேக வச்சிருக்கேன், பாய்."

அடுப்பைப் பற்ற வைத்தவன் அவன் என்றால், விறகு விற்றவன் நான். அன்று இரவு சாப்பிடும்போது ஹபீபுன்னிசாவிடம் சொன்னேன். என் மனைவி எதையும் பூசி மெழுகிப் பேசமாட்டாள். "தாரை வித்ததும் நீங்க, இப்ப அதுக்கு மேல வெள்ளைய விக்கிறதும் நீங்களா?" என்று கேட்டுவிட்டு மீன் துண்டை என் தட்டில் வைத்தாள்.

முதலில் காற்றுத் துளைகளைத் திறந்தான். சன்னலுக்கு மேலே ஓட்டைக் கல் வைத்துத்தான் அந்த வீடுகளைக் கட்டியிருந்தார்கள். காட்டுத்தீப் புகைமூட்டம் மோசமாக இருந்த ஒரு வருடம், வீட்டுக்குள் புகை வராமல் வீரமுத்துவே வரிசை முழுக்கப் பலகை அடித்து மூடினான். புகை போய்ப் பல வருடம் ஆகியும் பலகை அப்படியே இருந்தது. தன் வீட்டுப் பலகைகளைப் பெயர்த்து எடுத்துக் கொசுவலை அடித்தான். தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி இறங்கியது. எனக்குப் போன் போட்டு அதைச் சொன்னபோது அவன் குரலில் பல நாள் கழித்து ஒரு தெம்பு கேட்டது.

பிறகு வெள்ளை. என் கடையிலிருந்து ஐந்து டின். நன்றாகக் கழுவி, இரண்டு பூச்சு அடித்தான். அறுபத்து மூன்று வயதில், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடிந்ததும் ஏறுவான், பத்து மணிக்கு இறங்குவான். ராமசாமிக்கு அது பிடிக்கவில்லை. வரிசையில் ஒரு கூரை மட்டும் வெள்ளையாக இருந்தால் பார்க்கிறவன் இழவு வீடு என்று நினைப்பான் என்றார். வீரமுத்து அடுத்த டின்னைத் திறந்தான். தெர்மாமீட்டர் முப்பத்து நாலு புள்ளி ஐந்துக்கு வந்தது. இன்னும் இரண்டரைதான். அந்த வாரம் அவன் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

மூன்றாவது வாரம் வெள்ளை பழுப்பாகியது. அடியில் இருந்த தார் வெயிலில் இளகி மேலே கசிந்தது. மழை பெய்ததும் தோல் உரிவதுபோல் பட்டை பட்டையாகக் கழன்று சாக்கடையில் விழுந்தது. எண் மறுபடி முப்பத்தாறுக்குப் போயிற்று. நான் கடையில் இருந்த டின்னை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது, தாரின் மேல் நேரடியாகப் பூசக்கூடாது என்று. முப்பத்தைந்து வருடம் கடை வைத்திருக்கிறவன் படிக்க வேண்டியதை நான் படிக்கவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனிடம் சொன்னேன், இது என் தப்பு என்று. அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க என்ன பண்ணுவீங்க பாய், அடியில கெடக்கறது என்னோட தாருதானே" என்றான்.

தாரைச் சுரண்டுவது என்று முடிவு செய்தான். இரும்புச் சுரண்டியின் அலகை நெருப்பில் காய்ச்சிச் சுரண்டுகிற வேலை. இரண்டாம் நாள் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அலகு கூரைக்குள்ளே போய்விட்டது. இழுத்துப் பார்த்தான், கையகலம் கழன்று வந்தது. பக்கத்தில் தட்டினான், அதுவும் வந்தது. தாருக்கு அடியில் தகரம் துருவாகிப் பொடிந்திருந்தது. ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து, இருபத்தேழு வருடமாகத் தகரத்தைத் தின்றது அந்தத் தார்தான். அந்தக் கூரையில் தாங்கி நின்றது தகரம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அவன் பூசிய பூச்சுகள்தான்.

அன்று மதியம் நான் போனபோது அவன் சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் கரி. ராமசாமி டீ கொண்டுவந்து நீட்டினார். வாங்குவதற்குக் கை மேலே வரவில்லை. ராமசாமியே அவன் வாயில் வைத்துக் குடிக்க வைத்தார். உள்ளேயிருந்து ரதி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது, அவள் கட்டிலுக்கும் சாக்கடைக்கும் நடுவே பத்தடி இருக்கும். அவள் முகத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டுமென்றால், அது பயம். சூட்டைப் பற்றிய பயம் இல்லை, அவனைப் பற்றியது.

விட்டுவிடு என்று சொல்லத்தான் போனேன். பிள்ளை தாயைப் பார்த்துக்கொள்வான், நீயும் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள் என்று. சொல்லவில்லை. நாலு வருடமாக அவள் தலைமுடியைச் சீவிப் பின்னுகிறவனிடம் வாரம் ஒருமுறை என்று எப்படிச் சொல்வது?

சித்திரைக்குப் பதினோரு நாள் இருந்தது. மொத்தக் கூரையையும் பிரித்துப் புதுத் தகரம் போட வேண்டும். தனி ஆள் செய்கிற வேலை இல்லை. நான் கடையைச் சாத்தினேன். நாலு நாள் சாத்தினேன், என் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோதுகூட மூன்று நாள்தான் சாத்தியிருந்தேன். ரதியை ராமசாமி வீட்டில் படுக்க வைத்தோம். இழவு வீடு என்று முணுமுணுத்த அதே ராமசாமி கீழே நின்று தகரத்தைத் தூக்கிக் கொடுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். மூன்று கிழவர்கள், மூவருக்கும் சேர்த்து இரண்டு நல்ல முழங்கால் இருக்கும். அலுமினியத் தாளைத் தகரத்தில் ஒட்டாமல், நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு விரிக்க வேண்டும் என்று கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்தது. இந்தத் தடவை நான் பொடி எழுத்தையும் படித்துக் காட்டினேன். உச்சியில் சூட்டுக் காற்று வெளியேற ஒரு சுழல்விசிறி வைத்தோம். அது கரண்டு கேட்காது, காற்றிலேயே சுற்றும். புதுத் தகரம் வெள்ளையாகவே கம்பெனியிலிருந்து வந்தது.

கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு வீரமுத்து கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டான். இறங்கு என்றேன். கொஞ்சம் இருங்க பாய் என்றான். அங்கிருந்து பார்த்தால் மற்றப் பதின்மூன்று கூரையும் கறுப்பாகத் தெரியும். அத்தனையும் அவன் பூசியவை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு முப்பத்து மூன்று புள்ளி நாலு. அதற்கடுத்த நாள் முப்பத்து மூன்று புள்ளி இரண்டு. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. மேற்குச் சுவர் மாலை வெயிலை நேராக வாங்குகிறது, அதற்கு நிழல் போட்டால் இறங்கும் என்று கணக்குப் போட்டோம். போடுவதற்கு நாளும் இல்லை, அவனிடம் தெம்பும் இல்லை. தோள்பட்டை வீங்கி, சட்டையை மாட்டக்கூட முடியாமல் இருந்தான்.

சித்திரை லீவன்று நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, போனேன். தர்மராஜ் வேனை வாசலில் நிறுத்தியிருந்தான். உள்ளே மடக்கு நாற்காலி, தலையணை, அம்மாவுக்கென்று வாங்கிய புது விரிப்பு எல்லாம் இருந்தன. அவன் கூரையைப் பார்த்தான், சுழல்விசிறியைப் பார்த்தான், அப்பாவின் கையைப் பார்த்தான். நாங்கள் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம், ராமசாமியும் சேர்த்து. மூன்று மணிக்கு தர்மராஜ் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தான்.

"முப்பத்து மூணு புள்ளி ஒண்ணு" என்றான்.

மேற்குச் சுவர் இன்னும் பாக்கி என்று வீரமுத்து மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது மகனைப் பார்க்கவில்லை. தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு டிகிரிக்கு மேல் எறக்கியிருக்கீங்கப்பா, யாராலயும் முடியாது, ஆனா டாக்டர் சொன்னதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல என்றான். இருவர் சொல்வதும் நியாயம். அதுதான் கொடுமை.

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. ரதிக்கு ஒரு சொல் வெளியே வர நேரம் பிடிக்கும். உதடு கோணும், தொண்டை முயலும். நாங்கள் காத்திருந்தோம்.

"போ... போர்வை" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னாள். இடது கையால் தோளைத் தேய்த்துக் காட்டினாள். குளிருதாம்மா என்று தர்மராஜ் கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தாள்.

வீரமுத்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு ஓடினான், அந்தத் தோளோடு ஓடினான். அந்த வீட்டில் போர்வை எடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. பிரித்து உதறி அவள் கழுத்து வரை போர்த்தினான். என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். குளிருதாம் பாய் என்றான்.

நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். ரதியின் காதுக்குப் பின்னால் ஒரு வேர்வைத் துளி திரண்டு, கழுத்து வழியாகத் தலையணையில் இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. எனக்கு எதிர்ப்பக்கம் தர்மராஜ் நின்றிருந்தான். அவனும் பார்த்தான். தாயும் மகனும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் தெர்மாமீட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அறை மின்விசிறியை ஒரு படி கூட்டினான். அடுத்த சனிக்கிழமை வந்து மேற்குச் சுவருக்குத் தானே நிழல் போடுவதாகவும், அதுவரைக்கும் தினமும் மூன்று மணிக்கு அப்பா போன் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வேனிலிருந்த தலையணையை மட்டும் எடுத்துவந்து அம்மாவுக்கு வைத்தான். வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று.

ராமசாமியும் போன பிறகு வீரமுத்து கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் பாதியிலேயே தூங்கிவிட்டான். அவன் கை போர்வை மேல் கிடந்தது. இரண்டு மாதத் தூக்கம் அது.

அவன் மூச்சு சீராகும் வரை ரதி காத்திருந்தாள். பிறகு அந்தக் கையை மெல்ல எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, இடது கையால் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளினாள். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஈரத் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவன் எழுந்தால் அவள் போர்த்தியிருப்பதாகவே நினைக்கும்படி போர்வையை அவள் கால்மேல் விரித்துப்போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.